கேமரா முன் மருத்துவர் சொன்னால் யார் பொறுப்பு?

தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்கு மருத்துவர் மெஹ்மெத் ஓஸ் 2012இல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு கைவைத்தியம் சொன்னார். காலுறைக்குள் அரிசியைப் போட்டு மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிக் காலில் மாட்டிக்கொண்டு படுத்தால் பாதத்துக்கு ரத்தம் இறங்கும், உடலின் உட்பகுதி குளிரும், தூக்கம் தானாக வரும் என்றார். அமெரிக்காவில் அதைப் பார்த்த முதியவர் ஒருவர் அப்படியே செய்தார். அவருக்கு நீரிழிவு. அதனால் பாதத்து நரம்புகள் மரத்துப்போயிருந்தன. சூடு உறைக்கவில்லை, பாதங்கள் வெந்து புண்ணாகிவிட்டன. தன்னைப் போன்ற நோயாளிகளை எச்சரித்திருக்க வேண்டும் என்று அவர் வழக்குத் தொடுத்தார். நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தொலைக்காட்சியில் பேசுபவருக்கும் வீட்டிலிருந்து பார்க்கும் எண்ணற்ற மக்களுக்கும் இடையே, மருத்துவருக்கு நோயாளியிடம் இருப்பதுபோன்ற சட்டப்பூர்வமான கடமை எதுவும் கிடையாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டக் கண்ணோட்டத்தில் இதில் குறை சொல்ல அதிகமில்லை. ஒளிபரப்பில் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் நஷ்டஈடு கேட்கலாம் என்றாகிவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் நிற்கும் நிலைமையை யோசித்துப் பார்க்க வேண்டும். அதே ஓஸ், அதே நகரத்தில், தன் மருத்துவமனை அறையில் அதே முதியவரிடம் அதே யோசனையைச் சொல்லியிருந்தால் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?" என்பதுதான். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் சூடு வைக்கக் கூடாது என்பது மருத்துவ மாணவருக்கும் தெரிந்த பாடம். கேட்காமல் விட்டிருந்தால் அது மருத்துவ அலட்சியம். உரிமத்துக்கே ஆபத்து வந்திருக்கும். ஆள் ஒருவர்தான், படிப்பும் ஒன்றுதான், வாக்கியமும் ஒன்றுதான். இடையில் ஒரு கேமரா வந்து நின்றதும் பொறுப்பு மட்டும் காணாமல்போகிறது. ஆனால் நம்பிக்கை குறையவில்லை. அந்த முதியவர் அரிசியைச் சூடாக்கியது சொன்னவர் மருத்துவர் என்பதால்தான்.

தொலைக்காட்சி மருத்துவர்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் "இவர் போலியா, உண்மையா?" என்ற கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓஸ் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு விடை எளிது. அவர் போலி அல்லர். 1960இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில், துருக்கியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். ஹார்வர்டில் இளங்கலை முடித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்தையும் அதன் வார்ட்டன் பள்ளியில் எம்பிஏ பட்டத்தையும் பெற்றார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதய அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். நெஞ்சைப் பிளக்காமல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சரிசெய்யும் முறை தொடர்பான காப்புரிமையில் அவர் பெயர் இருக்கிறது. சக மருத்துவர்களே அவருடைய கைத்திறனை மெச்சியவர்கள்தாம். 2004 முதல் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் தோன்றத் தொடங்கி, 2009 செப்டம்பரில் சொந்த நிகழ்ச்சியை ஆரம்பித்து, 2022 ஜனவரி வரை 13 பருவங்கள் நடத்தினார்.

போலி மருத்துவரைப் பிடிப்பதற்கு வழி உண்டு. உண்மையான மருத்துவர் அரைகுறை ஆதாரத்தைப் பேசும்போது என்ன செய்வது என்பதற்கு இன்றுவரை யாரிடமும் ஒழுங்கான பதில் இல்லை.

அவர் அந்தப் பக்கம் ஏன் சாய்ந்தார் என்பதற்குப் பேராசை, புகழாசை என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அதைவிட வலுவான காரணமாகத் தெரிவது நிகழ்ச்சியின் அமைப்பு. வார நாட்களில் தினமும் ஒரு மணி நேரம் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சி அது. மருத்துவ அறிவியல் ஒரு சராசரி மனிதருக்கு உறுதியாகச் சொல்லக்கூடிய அறிவுரைகளோ மிகக் கொஞ்சம். புகைக்காதீர்கள், ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், தடுப்பூசி போடுங்கள், நடங்கள், தூங்குங்கள், காய்கறி சாப்பிடுங்கள், மதுவைக் குறையுங்கள், வயதுக்கேற்ற பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் சொல்லி முடித்துவிடலாம். இவையெல்லாம் பத்தாண்டுக்கு ஒருமுறை லேசாக மாறும்; திங்கள்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் இடையில் மாறாது. மூன்றாவது வாரம் என்ன சொல்வது? புதிதாக ஏதாவது வேண்டும். மருத்துவத்தில் புதிது என்பது பெரும்பாலும் இன்னும் நிரூபிக்கப்படாதது. அங்கிருந்துதான் கிழங்குகளும் வேர்களும் கொட்டைகளும் சாறுகளும் மேடைக்கு வருகின்றன. நடத்துபவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆதாரம் மெல்லியதாக இருக்கும் இடத்திலிருந்து ஒன்றை எடுத்து, ஆதாரம் தடித்திருக்கும் இடத்தின் குரலில் பேசினால் போதும்.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் ஓஸின் நிகழ்ச்சியிலும் 'தி டாக்டர்ஸ்' என்ற மற்றொரு மருத்துவ நிகழ்ச்சியிலும் தலா 40 அத்தியாயங்களை 2013இன் தொடக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன. ஓஸ் ஓர் அத்தியாயத்துக்குச் சராசரியாக 12 பரிந்துரைகள் சொன்னார். அவற்றிலிருந்து குலுக்கல் முறையில் 80 வலுவான பரிந்துரைகளைத் தேர்ந்தெடுத்து மருத்துவ இலக்கியத்தோடு ஒப்பிட்டார்கள். 46 சதவீதத்துக்கு ஆதாரம் இருந்தது. 15 சதவீதத்துக்கு எதிரான ஆதாரம் இருந்தது. மீதி 39 சதவீதத்துக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. 'தி டாக்டர்ஸ்' நிகழ்ச்சியில் ஆதாரம் உள்ளவை 63 சதவீதம்.

செய்தித்தாள்கள் இந்த எண்களை எழுதி நிறுத்திக்கொண்டன. அதே கட்டுரையில் இன்னும் கவனிக்க வேண்டிய விவரங்கள் உள்ளன. ஆதாரம் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ள அந்தக் குழு வைத்த அளவுகோல் மிகத் தாழ்வானது. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு இருந்தால்கூடப் போதும் என்று வைத்திருந்தார்கள். அவ்வளவு தாராளமாகப் பார்த்தும் பாதியைத் தொடவில்லை. பலன் எவ்வளவு என்று அளவோடு சொன்ன பரிந்துரைகள் ஓஸிடம் 17 சதவீதம்தான். நலமுரண், அதாவது பேசுபவருக்கோ விருந்தினருக்கோ இதில் பண லாபம் உண்டா என்ற தகவல் பரிந்துரைகளில் 0.4 சதவீதத்தோடு மட்டுமே சேர்ந்து வந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. 'தி டாக்டர்ஸ்' நிகழ்ச்சியில் அடிக்கடி சொல்லப்பட்ட அறிவுரை "உங்கள் மருத்துவரைப் பாருங்கள்" என்பது. ஓஸ் நிகழ்ச்சியில் அடிக்கடி வந்தது உணவுக் குறிப்பு. ஒன்று பார்வையாளரை, அவரைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரிடம் அனுப்புகிறது. மற்றது நேராகக் கடைக்கு அனுப்புகிறது.

கடைக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை வறுக்காத காப்பிக் கொட்டையின் கதை காட்டுகிறது. இது முழுக்க அரசு ஆவணங்களில் பதிவாகியிருப்பதால் ஆரம்பம் முதல் முடிவு வரை தொடர்ந்து பார்க்க முடிகிறது.

2012 ஜனவரியில் ஓர் ஆய்விதழில் சிறிய ஆய்வு ஒன்று வெளியானது. காப்பிக் கொட்டையை வறுப்பதற்கு முன் அதிலிருந்து எடுக்கும் சாறு உடல் எடையைக் குறைக்கிறதா என்ற கேள்வியை வைத்து 16 பேரிடம் 22 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வு அது. ஒவ்வொருவரும் கொஞ்ச காலம் அதிக அளவு சாறு, கொஞ்ச காலம் குறைந்த அளவு, கொஞ்ச காலம் மருந்துப்போலி (மருந்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை) என மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்களாம். சராசரியாக 17.7 பவுண்டு, அதாவது எட்டு கிலோ எடை குறைந்தது என்றது முடிவு. உணவைக் குறைக்காமல், உடற்பயிற்சி கூட்டாமல். உடல் பருமனுக்கான மருந்துகள் ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்கப்பட்டும் எத்தனை முறை தோற்றிருக்கின்றன என்று தெரிந்த எந்த மருத்துவரும் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். 16 பேர் என்பது ஆய்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது அடுத்த ஆய்வைத் தொடங்குவதற்கான குறிப்பு. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

மூன்று மாதத்தில் அது ஓஸின் மேடைக்கு வந்தது. மந்திரம் என்பது கட்டுக்கதை என்று நினைப்பீர்கள், ஆனால் எல்லா வகை உடலுக்கும் பொருந்தும் மந்திர எடைக் குறைப்பு மருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாக விஞ்ஞானிகள் சொல்கிறார்கள் என்று 2012 ஏப்ரலில் அவர் அறிமுகப்படுத்தினார். விமர்சனம் எழுந்ததும் நிகழ்ச்சியே சொந்தமாக ஒரு சோதனை நடத்தியது. பார்வையாளர்களில் சுமார் 100 பெண்கள், இரண்டு வாரம். சாறு எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2 பவுண்டும் மருந்துப்போலி எடுத்தவர்களுக்கு 1 பவுண்டும் குறைந்ததாம். இரண்டு வாரத்தில் ஒரு பவுண்டு வித்தியாசம் என்பது ஒருவர் தண்ணீர் குடித்ததற்கும் குடிக்காததற்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் ஸ்டூடியோவில் தட்டிய கைகளுக்கு அது வெற்றிதான்.

அந்த முதல் அத்தியாயத்தில் விருந்தினராக வந்தவர் லின்ட்சி டங்கன் என்ற இயற்கை மருத்துவ ஆலோசகர். எஃப்டிசி எனப்படும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பின்னர் தாக்கல் செய்த வழக்கின்படி, நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அவரைத் தொடர்பு கொள்வதற்கு முன் அவருக்கு இந்தச் சாற்றில் அனுபவமே இல்லை. அழைப்பு வந்த பிறகு மூலப்பொருளுக்கு ஆர்டர் கொடுத்தார்; இணையதளம் அமைத்தார். நிகழ்ச்சியில் எந்தச் சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று பார்வையாளர்களுக்குச் சொன்னார். அந்தச் சொற்களைத் தேடினால் தன் கடை முன்னால் வரும்படி விளம்பரம் வாங்கியிருந்தார். இதெல்லாம் அவருக்கு வியாபாரம் என்பது திரையில் சொல்லப்படவில்லை. 2015 ஜனவரியில் அவரும் அவருடைய நிறுவனங்களும் 90 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

ஆய்வின் கதி இன்னும் மோசம். அதற்குப் பணம் கொடுத்தது அந்தச் சாற்றை விற்கும் டெக்சஸ் நிறுவனமான அப்ளைட் ஃபுட் சயின்சஸ். 2014 செப்டம்பரில் எஃப்டிசி அதன்மீது நடவடிக்கை எடுத்தபோது வெளிவந்த விவரங்கள்: ஆய்வை நடத்தியவர் பங்கேற்றவர்களின் எடையையும் பிற அளவுகளையும் திரும்பத் திரும்ப மாற்றினார், ஆய்வு எவ்வளவு காலம் நடந்தது என்பதை மாற்றினார், யார் எப்போது சாறு எடுத்தார்கள், யார் மருந்துப்போலி எடுத்தார்கள் என்பதையே குழப்பினார். எந்த ஆய்விதழும் ஏற்காததால் வேறு ஆய்வாளர்களைக் காசு கொடுத்து அமர்த்தி மறுபடி எழுத வைத்தார்கள். எழுதியவர்கள் மூலத் தரவைப் பார்க்கவே இல்லை. நிறுவனம் 35 லட்சம் டாலர் கட்டியது. 2014 அக்டோபரில் ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

சாறு தயாரித்தவர் பணம் கட்டினார், விற்றவர் பணம் கட்டினார், கட்டுரை வாபஸ் ஆனது. இவை அத்தனைக்கும் உயிர் கொடுத்த அந்தச் சில நிமிட ஒளிபரப்பின்மேல் எஃப்டிசி கை வைக்கவில்லை. வைக்கவும் முடியாது, ஏனென்றால் ஓஸ் அந்தச் சாற்றை விற்கவில்லை. தன் பெயரைத் திருடி இணையத்தில் விளம்பரம் செய்கிறார்கள் என்று அவரே புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான். இந்தப் பொருட்களை விற்கும் கம்பெனிகளின் பெயரைத் தான் திரையில் சொல்வதில்லை என்றும் அவர் சொன்னார். பெயர் சொல்லாத பரிந்துரையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அவருடைய அனுபவமே காட்டியது. ஒரு பொருளை அவர் காட்டிய சில நாட்களிலேயே அது சந்தையில் குவியும். இதற்குத் தொலைக்காட்சித் துறையில் 'ஓஸ் விளைவு' என்றே பெயர் வந்துவிட்டது.

2014 ஜூன் 17 அன்று செனட் துணைக்குழு ஒன்று எடைக் குறைப்பு மோசடிகளைப் பற்றி விசாரித்தபோது ஓஸும் சாட்சியாக வந்தார். தலைவராக இருந்த மிசௌரி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் அவருடைய நிகழ்ச்சி வாசகங்களை அவர் முன்னாலேயே படித்தார். காப்பிக் கொட்டைக்கு மந்திரம். ராஸ்பெரி கீட்டோனுக்குப் புட்டியில் அடைத்த அற்புதம். கார்சீனியாவுக்கு உடல் கொழுப்பை ஒரேயடியாக ஒழிக்கும் எளிய தீர்வு. இவற்றில் ராஸ்பெரி கீட்டோனை மனிதர்களிடம் தனியாகச் சோதித்த ஒழுங்கான ஆய்வே அப்போது இல்லை. இருந்தவை எலிகளிடமும் உயிரணுக்களிடமும் செய்தவை. நாம் குடம்புளி என்று சொல்லும் கார்சீனியாவுக்கோ ஆய்வு இருந்தது, அதுவும் எதிரான முடிவோடு. 135 பேரிடம் 12 வாரம் நடத்திய சோதனையில் மருந்துப்போலியைவிட அது எந்தப் பலனும் தரவில்லை என்று ஜாமா என்ற மருத்துவ ஆய்விதழ் 1998லேயே வெளியிட்டிருந்தது. அறிவியல் உலகம் ஏறக்குறைய ஒருமித்து உங்களுக்கு எதிராக நிற்கிறது என்றார் மெக்காஸ்கில். ஓஸின் பதில்: இந்தப் பொருட்களைத் தனிப்பட்ட முறையில் நம்புகிறேன், நிகழ்ச்சியில் என் வேலை பார்வையாளர்களுக்கு உற்சாகம் ஊட்டுவது.

அவர் நம்புகிறார் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு வருடம் முன்பு, 2013இல், பத்திரிகையாளர் மைக்கேல் ஸ்பெக்டரிடம் அவர் சொன்னது இதைவிட வெளிப்படையானது. மருத்துவம் மிகவும் மதம் சார்ந்த அனுபவம்; எனக்கு என் மதம், உங்களுக்கு உங்கள் மதம் என்றார். அறுவை சிகிச்சை அரங்கில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. அங்கே நோயாளி பிழைத்தாரா என்பது பதிவாகும். இறப்பு விகிதம் கணக்கிடப்படும். இறந்துபோனால் சக மருத்துவர்கள் கூடி உட்கார்ந்து எங்கே தவறு என்று கேட்பார்கள். அந்தக் கண்காணிப்புக்கு நடுவில்தான் ஓஸுக்கு மதிப்பு பிறந்தது. கண்காணிப்பே இல்லாத இடத்துக்கு அந்த மதிப்பை மட்டும் எடுத்துச் சென்றார். அந்த மதிப்பு அவர் ஒருவருடையதும் அல்ல. இரவு முழுதும் விழித்துப் பணிசெய்யும் பயிற்சி மருத்துவர், "தெரியவில்லை, இன்னொரு பரிசோதனை செய்து பார்ப்போம்" என்று சொல்லும் நேர்மையான கிராமத்து டாக்டர், பக்க விளைவை மறைக்காமல் எழுதும் ஆய்வாளர் என்று எத்தனையோ பேர் சேர்ந்து உண்டாக்கியது 'டாக்டர்' என்ற சொல்லின் மேல் உள்ள நம்பிக்கை. மதம் என்று சொல்லி அதைச் செலவழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இதற்குச் சட்டமும் உடந்தை. அமெரிக்காவில் 1994இல் நிறைவேறிய உணவுத் துணைப்பொருள் சட்டத்தின்படி, சத்து மாத்திரைகளையும் மூலிகைச் சாறுகளையும் விற்பவர்கள் அவை வேலை செய்கின்றன என்று எஃப்டிஏ எனப்படும் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் முன்கூட்டியே நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தைக்கு வந்த பிறகு அது ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் விழுகிறது. அறிவியல் சொல்லாத உறுதிமொழியைப் புட்டியில் அச்சிட விற்பவருக்கு ஓரளவு தயக்கம் இருக்கும். திரையில் ஒரு மருத்துவர் அதைச் சொல்லிவிட்டால் புட்டியில் எதையும் அச்சிட வேண்டியதே இல்லை.

பல்கலைக்கழகம்? 2015 ஏப்ரலில், ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி மில்லர் உட்படப் பத்து மருத்துவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, ஓஸைப் பேராசிரியர் பதவியில் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். பொது விவாதத்தில் பேராசிரியர்களின் கருத்துச் சுதந்திரத்தை மதிக்கிறோம் என்று கொலம்பியா பதில் சொன்னது. கையெழுத்திட்டவர்களில் சிலருக்குத் தொழில்துறை ஆதரவு பெற்ற அமைப்புகளோடு தொடர்பு இருந்தது. மரபணு மாற்றப்பட்ட உணவின் உறையில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று தான் சொல்வதால்தான் இவர்கள் கிளம்பியிருக்கிறார்கள் என்று ஓஸ் அதைத் தன் நிகழ்ச்சியிலேயே திருப்பிவிட்டார். கடிதம் எழுதியவர்கள் தங்கள் தொடர்புகளை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். பிறரிடம் கேட்கும் நேர்மையைத் தாங்கள் காட்டாததால் ஒரு நியாயமான கேள்வி இரண்டு வாரத்தில் அடங்கிப்போனது. அதே சமயத்தில் அளித்த பேட்டியில் ஓஸ் தன் நிகழ்ச்சி மருத்துவ நிகழ்ச்சியே அல்ல என்றார். சின்னத்தைப் பாருங்கள், நடுவில் 'ஓஸ்' என்பது பெரிதாக இருக்கிறது, 'டாக்டர்' என்பதை வேண்டுமென்றேதான் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று விளக்கினார். பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான வீடுகளில் ஒருவராவது அந்த எழுத்தளவைப் பார்த்து, இது டாக்டர் சொல்வதல்ல என்று முடிவு செய்திருப்பாரா?

இந்த விஷயத்தில் ஓர் அரசு துணிந்து நடந்துகொண்ட காலமும் இருந்தது. 1920களில் கன்சாஸ் மாநிலத்தின் மில்ஃபோர்ட் ஊரில் ஜான் பிரிங்க்லி என்பவர் ஆண்மைக் குறைவுக்கு ஆட்டின் விரையைப் பொருத்தி 750 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். 1923இல் கேஎஃப்கேபி என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதில் 'மருத்துவக் கேள்விப் பெட்டி' என்ற நிகழ்ச்சி. நேயர்களின் கடிதங்களைப் படித்து, நோயைச் சொல்லி, இத்தனையாம் எண் மருந்தை வாங்குங்கள் என்பார். அந்த எண்ணுள்ள மருந்து அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருந்துக் கடைகளில் மட்டும் கிடைக்கும். விற்பனையில் அவருக்குப் பங்கு. 1930இல் மத்திய வானொலி ஆணையம் நிலைய உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நேரில் பார்க்காத நோயாளிக்குக் கடிதத்தில் எழுதிய அறிகுறிகளை மட்டும் வைத்து மருந்து சொல்வது பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று அது காரணம் காட்டியது. அதே ஆண்டு கன்சாஸ் மருத்துவ வாரியம் அவருடைய மருத்துவ உரிமத்தையும் பறித்தது. அவர் கவர்னர் தேர்தலில் நின்றார், தோற்றார். எல்லை தாண்டி மெக்சிகோவிலிருந்து ஒலிபரப்பினார். தன்னைப் போலி என்று எழுதிய அமெரிக்க மருத்துவச் சங்க இதழாசிரியர் மோரிஸ் ஃபிஷ்பைன்மீது அவதூறு வழக்குப் போட்டு 1939இல் தோற்றார். திவாலாகி 1942இல் இறந்தார்.

பிரிங்க்லியையும் ஓஸையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பிரிங்க்லியின் பட்டமே காசுக்கு வாங்கியது, அவர் மேசையில் மனிதர்கள் செத்தார்கள். ஆனால் ஆணையம் அன்று சொன்ன காரணம் பட்டத்தைப் பற்றியதல்ல. பார்க்காத நோயாளிக்கு மருந்து சொல்லும் செயலைப் பற்றியது. பேச்சுரிமைச் சட்டம் அதற்குப் பிறகு விரிந்துகொண்டே வந்ததால், அந்த வாதத்தை வைத்து இன்று ஓர் ஒளிபரப்பை நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. மருத்துவ வாரியங்களும் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் நடப்பதை மட்டுமே பார்க்கின்றன.

தொலைக்காட்சி மருத்துவம் முழுதும் தீங்கு என்று நினைப்பதும் தவறு. 2011 செப்டம்பரில் ஆப்பிள் சாற்றில் ஆர்செனிக் இருக்கிறது என்று ஓஸ் பரபரப்பாகச் சொன்னபோது எஃப்டிஏ அவரைக் கண்டித்தது. மொத்த ஆர்செனிக்கையும் நச்சுத்தன்மை அதிகமுள்ள கனிம ஆர்செனிக்கையும் அவர் பிரித்துக் காட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. அது சரியான குற்றச்சாட்டு. ஆனால் கேள்வி சரியானது. ஒரு நுகர்வோர் பத்திரிகை தனியாகச் சோதித்துச் சில மாதிரிகளில் கவலைப்படும் அளவைக் கண்டது. 2013இல் எஃப்டிஏ நூறு கோடியில் 10 பங்கு என்ற வரம்பை முன்மொழிந்தது. 2023இல் அதை இறுதி செய்தது. 2010இல் தன் 50 வயதுக்கான கொலோனோஸ்கோப்பியை, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் பரிசோதனையை, ஓஸ் கேமரா முன் செய்துகொண்டு, புற்றுநோயாக மாறக்கூடிய ஒரு கட்டி தன் குடலில் இருந்ததைச் சொன்னார். அதற்கு முன் 2000இல் செய்தியாளர் கேட்டி கூரிக், கணவரைக் குடல் புற்றுநோய்க்கு இழந்த பிறகு, அதே பரிசோதனையை நேயர்கள் முன் செய்துகொண்டார். அதையடுத்து அமெரிக்காவில் கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. கூரிக் மருத்துவர்கூட அல்லர். நிரூபிக்கப்பட்ட ஒன்றைச் சலிக்காமல் சொன்னார், அவ்வளவுதான். தொலைக்காட்சிக்கு இருக்கும் பலம் இது. இதைத் தெரிந்துவைத்திருப்பதால்தான் காப்பிக் கொட்டையைப் பார்க்கக் கோபம் வருகிறது.

2020இல் எடைக் குறைப்பைவிடப் பெரிய விஷயத்தில் அதே பாணி திரும்ப நடந்தது. கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவும் என்று பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கணக்கில் எடுத்தவர்கள் 36 பேர். மருந்து கொடுக்கப்பட்டவர்களில் தீவிர சிகிச்சைக்குப் போன மூவரையும் இறந்துபோன ஒருவரையும் முடிவுக் கணக்கில் சேர்க்கவில்லை. ஓஸ் அந்த மருந்தைச் செய்தித் தொலைக்காட்சியில் தொடர்ந்து ஆதரித்துப் பேசினார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அமெரிக்க அதிபரும் ஒருவர். மார்ச் 28 அன்று எஃப்டிஏ கொடுத்த அவசர அனுமதியை ஜூன் 15 அன்று அதுவே ரத்து செய்தது. அந்தப் பிரெஞ்சு ஆய்வு 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட வாரங்களில் முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் அந்த மாத்திரையை நம்பியிருந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். 16 பேர் ஆய்வைப் பார்த்து நிற்காத கண், 36 பேர் ஆய்வைப் பார்த்தும் நிற்கவில்லை.

மருத்துவத் துறை தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் ஊடகத்தில் பேசும் மருத்துவர்களுக்கான நெறியை 2017இல் தன் நெறித்தொகுப்பில் சேர்த்தது. சொல்வது துல்லியமாக இருக்க வேண்டும், ஆதாரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும், நலமுரணை வெளிப்படுத்த வேண்டும், பொதுவாகப் பேசுவது தனிப்பட்ட மருத்துவ ஆலோசனை ஆகாது என்று தெளிவுபடுத்த வேண்டும். நல்ல நெறிதான். ஆனால் சங்கத்தில் சேருவது மருத்துவரின் விருப்பம், மீறினால் உரிமம் போகாது. மாநில மருத்துவ வாரியங்கள் இதை உரிமத்தோடு இணைத்தால் மட்டுமே பல் முளைக்கும். பேச்சைத் தடுக்க வேண்டாம். வெள்ளை அங்கியோடு பேசுகிறவர் ஆதாரத்தின் அளவையும் பணத்தின் தொடர்பையும் சொல்லியாக வேண்டும் என்று கேட்பது பேச்சுரிமைக்கு எதிரானதல்ல என்பது என் கருத்து.

ஓஸ் 2022இல் பென்சில்வேனியாவில் செனட் தேர்தலில் நின்று ஜான் ஃபெட்டர்மேனிடம் தோற்றார். 2025 ஏப்ரல் 3 அன்று 53க்கு 45 என்ற வாக்குகளில் செனட் அவரை மெடிகேர், மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் மத்திய அமைப்பின் தலைவராக உறுதிசெய்தது. முதியவர்கள், ஊனமுற்றோர், ஏழைகள் எனப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவச் செலவு அந்த அமைப்பின் வழியாகப் போகிறது. ஒரு சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தர வேண்டுமானால் அது 'நியாயமானதாகவும் அவசியமானதாகவும்' இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தேசிய அளவில் அப்படி ஒரு முடிவெடுக்கும்போது எத்தனை நோயாளிகளிடம் சோதித்தார்கள், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, பலன் எவ்வளவு என்று ஆதாரத்தை எடைபோட்டு வரைவை எழுத்தில் வெளியிட வேண்டும். அதன்மேல் பொதுமக்களும் மருத்துவர்களும் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் தர வேண்டும். வந்த கருத்துகளுக்குப் பதிலும் எழுத வேண்டும். 13 பருவங்களில் அவருடைய நிகழ்ச்சியிடம் யாரும் கேட்க முடியாமல்போன கேள்விகளை இனி அவர் தலைமையில் நடக்கும் அலுவலகத்திடம் எவரும் எழுதிக் கேட்கலாம்.